கடைசிப் பெரட்டு

எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பை முடித்து வெளியேறும் மாணவருக்குப் பரீட்சைக்குச் சில வாரங்கள் முன்னதாக ஒரு பிரியாவிடை விழா நடக்கும். கேக் வெட்டுவார்கள், அதிபர் பேசுவார், பெண்கள் எல்லோரும் ஒரே நிறச் சேலையில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், ஆண்கள் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கழுத்துப்பட்டி கட்டி, விழுங்கிய எச்சில் இறங்காமல் நிற்பார்கள். பெற்றோர் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு மலையிறங்கி வருவது இவற்றில் எதற்காகவும் அல்ல. அவர்கள் கடைசிப் பெரட்டைப் பார்க்க வருகிறார்கள்.

பெரட்டு என்பது தேயிலைத் தோட்டத்தில் நாள் தொடங்கும் முறை. காலையில் தொழிலாளர்கள் களத்தில் கூடுவார்கள். வெளிவேலைக்குப் பொறுப்பான கண்டாக்கு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, இன்றைக்கு யாருக்கு எந்த மலை, என்ன வேலை என்று பிரித்துவிடுவார். அதையே எங்கள் பள்ளியில் மேடையில் நடத்துவோம். வெளியேறும் மாணவரில் நாக்கு நீண்ட ஒருவர் கண்டாக்கு வேடம் போடுவார்: அரைக்காற்சட்டை, முழங்கால் வரை காலுறை, தொப்பி, கையில் பிரம்பு, கக்கத்தில் பெரிய ஏடு. சக மாணவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, இனி அவருக்கு வாய்க்கப்போகும் வேலை என்ன என்று சபையறிய அறிவிப்பார். அழைக்கப்பட்டவர் மேடையேறிக் கைகட்டி, "வந்திருக்கேனுங்க ஐயா" என்று சொல்லி, வேலை எழுதிய துண்டை வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். வேறு ஒரு சொல்லும் பேசக்கூடாது. அது விதி. வகுப்பில் தூங்கியவனுக்குப் பங்களாக் காவல். காதலித்தவனுக்கு ஹட்டன் பஸ் நிலையத்தில் நிரந்தர நியமனம். பெற்றோர்தாம் எல்லோரையும் விட அதிகமாகச் சிரிப்பார்கள். மற்ற எல்லாக் காலைகளிலும் பெரட்டில் நிற்பவர்கள் அவர்கள்.

என்னுடைய ஆண்டில் கண்டாக்காக நின்றது நான். அந்த ஏட்டை ஏந்திய முதல் பெண்ணும் நான்தான். யாரும் எனக்கு அதைத் தரவில்லை; வேறு யாருக்கும் தர முடியாதிருந்தது.

கொட்டகலைக் கடைவீதியில் அப்பாவுக்குப் புடவைக் கடை. அவருடைய பெற்றோர் கொழுந்து பறித்தவர்கள்; அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எட்டு வயதில் கோயில் திருவிழா மேடையில், ஒலிவாங்கி எட்டாததால் சோடாப் பெட்டியின் மேல் ஏறி நின்று பேசினேன். அன்று தொடங்கி, மூச்சை எந்த இடத்தில் நிறுத்துவது, கையை எப்போது உயர்த்துவது, கைதட்டல் தேய்ந்து போகுமுன் அடுத்த வாக்கியத்தை எப்படி அதன் தோள்மேல் ஏற்றுவது என்பதெல்லாம் எனக்குப் பழகியது. நுவரெலியாவிலும் நோர்வூட்டிலும் உடப்புசல்லாவையிலும் பேசியிருக்கிறேன். கூட்டம் எங்கே சிரிக்கும் என்பதை வாய் திறக்குமுன் அறிவேன். மலையகத்தின் துயரத்தைப் பற்றி நான் பேசினால் முன்வரிசைப் பெண்கள் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோவார்கள். தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடு ஒன்றுக்குள் நான் அதுவரை கால் வைத்ததில்லை என்பதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் விவாத அணியில் நான் தலைவி. மூன்றாவது பேச்சாளராக ஒருத்தி இருந்தாள். வீதியிலிருந்து ஒரு மணி நேரம் ஏறிப் போக வேண்டிய தோட்டத்திலிருந்து வருவாள். காலணியில் எப்போதும் செம்மண். குரல் தாழ்ந்தது, கையசைவே கிடையாது. ஆனால் எதைச் சொன்னாலும் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டே சொல்வாள். "அதுக்கு ஆதாரம் என்னா?" என்பது அவள் வாயில் ஓயாத கேள்வி. எனக்கு அது சின்னத்தனமாகப் பட்டது. மேடைக்கு வேண்டியது ஓட்டம். ஆதாரம் தேடுகிறவர்கள் நூலகத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மாகாண இறுதிப்போட்டி கண்டியில் நடந்தது. நான் முதலில் பேசினேன். பேச்சின் உச்சத்தில், எங்கள் அணியில் உள்ள ஒரு மாணவியின் தோட்டத்தையே எடுத்துக்காட்டாகக் காட்டி, "அந்த மலையிலிருந்து இன்றுவரை ஒரு பெண்ணேனும் பல்கலைக்கழக வாசலை மிதித்ததுண்டா?" என்று கேட்டேன். கேட்டு, ஐந்து விநாடி மௌனம் காத்தேன். மண்டபம் அசைந்தது. எதிரணித் தலைவன் அதைக் குறித்துக்கொண்டதை நான் கவனிக்கவில்லை, அவள் கவனித்தாள். தொகுப்புரைக்கு எழுந்தபோது முதல் வாக்கியமாகவே சொன்னாள்:

"எங்கள் தலைவி கூறிய ஒரு செய்தி தவறு. எங்கள் தோட்டத்திலிருந்து இரண்டு பெண்கள் பல்கலைக்கழகம் சென்றிருக்கிறார்கள். ஒருவர் எங்கள் லயத்தில் மூன்றாவது வீடு. அந்தக் கூற்றை மீளப்பெறுகிறோம். ஆனால் இரண்டு பேர்தானா என்பதே எங்கள் வாதம்."

எதிரணித் தலைவன் தன் தாளில் எதையோ அடித்தான். வென்றோம். சிறந்த பேச்சாளருக்கான கிண்ணம் அவளுக்குப் போனது. அதற்கு முன் மூன்று ஆண்டுகள் அது என் கைக்குத்தான் வந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கோவமா லீடர்?"

"எதுக்குக் கோவம்?"

"நானே அதத் திருத்தலேன்னா அவன் புடிச்சிருப்பான்டி. தாள்ல கோடு போட்டு வச்சிருந்தான். பாத்தேன்."

"அதான் ஜெயிச்சோமே."

"ஒங்கிட்ட ஒன்னு கேக்கவா? எங்க தோட்டத்தப் பத்திப் பேசறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? பக்கத்துலதான இருந்தேன்."

அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கடுகண்ணாவையில் தேநீருக்கு நிறுத்தினால் என்ன, நாவலப்பிட்டியில் நிறுத்தினால் என்ன என்று பின்னால் பெடியன்கள் சண்டை பிடித்தார்கள்; கண்டியிலிருந்து வரும் பஸ் கடுகண்ணாவைக்குப் போகாது என்பதைக்கூட அவளே திரும்பிச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவளைப் பிடிக்காமல் போனது அந்தச் சிரிப்பில்தான் என்று நினைக்கிறேன். கிண்ணத்தைக்கூடப் பொறுத்திருப்பேன்.

அவளோ என்னைத் தன் தோழி என்றே எண்ணியிருந்தாள்.

பிரியாவிடைக்கு இரண்டு வாரம் இருந்தபோது நூலகத்தில் அவளுடைய அரசறிவியல் குறிப்புப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். நடுவில் ஒரு கடிதம் இருந்தது. தோட்ட அலுவலகத்திலிருந்து வந்தது, சிங்களத்தில் தட்டச்சிட்டது. என் சிங்களம் கடைச்சிங்களம். திகதி மட்டும் புரிந்தது. "என்னாடி இது?" என்றேன்.

அவள் எழுந்துபோய்க் கதவுப் பக்கம் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அவளுடைய அம்மாவுக்கு முதுகு போய்விட்டது. இனிக் கூடை தூக்க முடியாது. அப்பா பல காலத்துக்கு முன்பே தோட்ட வேலையை விட்டு நுவரெலியாவில் மரக்கறி லொறிக்கு மூட்டை ஏற்றுபவர். ஆகவே தோட்டத்தில் பதிந்திருப்பது அம்மாவின் பெயர் ஒன்றுதான். அந்தப் பெயர் வெட்டப்பட்டு வேறொரு பெயர் பதியாவிட்டால், லயத்து வீட்டை வேலைக்கு வரும் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். பதியக்கூடிய வயதில் வீட்டில் இருப்பது அவள் ஒருத்தி. இந்த மாத முடிவுக்குள் பெயர் கொடுக்க வேண்டும் என்று கடிதம் சொன்னது. பரீட்சை அடுத்த மாதம்.

"அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. கடுதாசி வந்தா நாந்தான் வாசிச்சுச் சொல்லுவேன்." குறிப்புப் புத்தகத்தை மூடினாள். "பரீட்சைக்குப் பொறகு பேர் குடுத்தாப் போதும்னு எழுதியிருக்குன்னு வாசிச்சேன்."

"பொய்யா?"

"அம்மாவுக்குத் தெரியும். அதுவரைக்கும் முதுகுல துணியக் கட்டிக்கிட்டு பெரட்டுக்குப் போயிட்டு வர்றேங்குது. கணக்கப்பிள்ளை ஐயாகிட்டயும் அம்மா அழுதிருக்கு. கொஞ்சம் இழுத்துப் பாக்கறேன்னாராம். அப்பாவுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே கொண்டுபோய்ப் பேரக் குடுத்திருவாரு. வீடு போயிருமேன்னு அவருக்குப் பயம். பயப்படறதுல தப்பு சொல்ல முடியாதுடி." பிறகு, "மூனு பாடந்தான். எழுதிட்டேன்னா அப்பறம் என்னா வேணா நடக்கட்டும். யார்ட்டயும் சொல்லிறாத."

"எனக்கென்ன பைத்தியமா?" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

பெரட்டு ஏட்டை எழுத எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. முப்பத்தொரு பெயர். முப்பது பேருக்கும் வரிகள் தாமாக வந்தன. அவளுக்கு எதுவும் வரவில்லை. அவளிடம் கேலி செய்வதற்கு ஒன்றுமில்லை. தூங்கியதில்லை, காதலித்ததில்லை, தோற்றதில்லை. பொறுப்பாசிரியர் ஏட்டை வாங்கிப் பார்த்து, மூன்று வரிகளை அடித்துவிட்டு, "இவளுக்கு மட்டும் காலியா இருக்கே?" என்றார்.

"சின்னதா ஒன்னு சொல்லிக்கிறேன் சேர். அவ நம்ம டீம்தான."

"புண்படுத்தாமப் பாத்துக்க மகள். அப்பா அம்மாமார் இருப்பாங்க."

விழா நாளில் விடியற்காலையிலிருந்து மழை. மண்டபத்தின் தகரக் கூரை இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு மேலாகப் பேசக்கூடிய குரல் எங்கள் வகுப்பில் எனக்கு மட்டுமே உண்டு என்பதை நினைத்து மகிழ்ந்தேன். பெண்கள் மயில்கழுத்து நிறச் சேலையில் நின்றார்கள். அந்தச் சேலைகள் எங்கள் கடையில் எடுத்தவை. அவள் அணிந்திருந்தது மட்டும் ஒரு சாயல் மங்கலாக இருந்தது. யாருடையதையோ இரவல் வாங்கியிருந்தாள். அரைக்காற்சட்டையும் தொப்பியுமாக நின்ற என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சலாம் ஐயா! எனக்கு என்னா வேல வச்சிருக்கீங்க?"

"பொறுத்திருந்து பாரு."

"நல்ல மலையாப் பாத்துப் போடுங்கய்யா, அட்டை இல்லாத மலையா." பிறகு காதருகே வந்து, "அம்மாகூட அப்பாவும் வந்திருக்காருடி. பள்ளிக்கூடத்துக்கு இதான் முதல்வாட்டி. மூனாவது வரிசை, வெள்ளச் சட்டை. கிண்ணத்தக் காட்டச் சொன்னாரு. அதிபர்ட்ட கேட்டு அலுமாரியத் தொறந்து காட்டினேன். தொட்டுப் பாத்தாரு."

அவள் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கேக் வெட்டினார்கள். அதிபர் பேசினார். பிறகு நான் மேடையேறிப் பிரம்பால் மேசையில் மூன்று தடவை தட்டி, "பெரட்டு கூடியாச்சா?" என்று கேட்டேன். "கூடியாச்சுங்க ஐயா!" என்று பெற்றோர் பக்கம் அதிர்ந்தது. அந்த முதல் அதிர்விலேயே தெரிந்துவிட்டது, அன்றைக்குக் கூட்டம் முழுதாக என் கையில் என்று.

ஒவ்வொருவராக அழைத்தேன். முன் பல் பெரிய பையனைத் தேங்காய் துருவும் வேலைக்குப் போட்டேன். அவனுடைய தாயே முதலில் சிரித்தாள். இரண்டு தடவை சாதாரண தரப் பரீட்சை எழுதியவனிடம், "ஒரே மலையில ரெண்டு தரம் கவ்வாத்து வெட்டியும் துளிர் வரலியே மகனே!" என்றேன். தேயிலைச் செடியை வெட்டிவிட்டால் துளிர்க்க வேண்டும் என்பது அந்த மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கதிரைகள் சரிந்தன. ஒரு தகப்பன் எழுந்து நின்று, "கண்டாக்கு ஐயா, இவனுக்கு அரைப்பேர் போடுங்க, அரைநாள் சம்பளம் போதும்!" என்று கத்தினார். மழையும் சிரிப்பும் எது எதுவென்று பிரிக்க முடியாதபடி கலந்தன. என் வாழ்நாளில் அதைவிட நன்றாக நான் பேசியதில்லை.

இருபத்துநான்காவதாக அவள் பெயர். ஏட்டில் அந்த இடம் வெற்றிடம். அழைத்தேன். மேடையேறி வந்தாள், கைகட்டினாள், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வந்திருக்கேனுங்க ஐயா" என்றாள்.

கூட்டம் காத்திருந்தது. சின்னதாக ஒன்றைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். அட்டைகளோடு விவாதம் செய்யும் வேலை என்று ஒன்று நாக்கின் நுனியில் இருந்தது. அது அரைச்சிரிப்புக்கே தகும். இருபத்துமூன்று முழுச்சிரிப்புகளுக்குப் பிறகு அரைச்சிரிப்போடு இவளை இறக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. ஐந்து விநாடி மௌனம் காத்தேன், பிரம்பை உயர்த்தினேன்.

"பத்தாம் நம்பர் மலை! கொழுந்து! ஆத்தா முதுகுக் கூடைய எறக்கு, மக முதுகுல ஏத்து!" ஒரு சிரிப்பலை. "ஆபிஸு இந்த மாசக் கடைசின்னு கடுதாசி போட்டா, அப்பனுக்கு அத பரீட்சைக்குப் பொறகுன்னு வாசிச்சாளே ஒருத்தி, அந்த வாயிக்குத்தான்யா மாகாணத்துல கிண்ணம் குடுத்தான்!"

மண்டபம் வெடித்தது. பெரும்பாலானோருக்கு அது எதைப் பற்றியது என்று தெரியாது. கடிதத்தைத் திரித்து வாசித்து அப்பனை ஏமாற்றும் பிள்ளை என்பது எல்லோர் வீட்டிலும் உள்ள கதை, அதற்காகச் சிரித்தார்கள். அவளுடைய தோட்டத்திலிருந்து வந்த ஐந்தாறு பேரின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது. அவர்களுக்கு நடுவே வெள்ளைச் சட்டை எழுந்தது.

"என்னா கடுதாசி?" என்று அவர் கேட்டார்.

கூட்டம் அதை ஆட்டத்தின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டது. முந்தைய தகப்பன் கத்தியதைப் போல இவரும் கத்துகிறார் என்று நினைத்தார்கள். கைதட்டினார்கள். அவர் இன்னும் உரத்துக் கேட்டார்: "தாயி, என்னா கடுதாசி?" கைதட்டல் இரட்டித்தது. "வாசிச்சுக் காட்டு தாயி!" என்று பின்னாலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். அவருடைய மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள், அவர் மறுபடியும் அதையே கேட்டார், அதற்கும் சிரித்தார்கள். ஒரு மனிதர் தன் மகளிடம் மூன்று தடவை ஒரே கேள்வியைக் கேட்டார். இருநூறு பேர் மூன்று தடவையும் சிரித்தார்கள்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விவாதத்தில் எதிரணி ஒன்றைச் சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வாளோ அப்படியே வைத்திருந்தாள். பேசக்கூடாது என்பது விதி. கையை நீட்டினாள். ஏட்டில் அவளுக்குத் துண்டு எழுதியிருக்கவில்லை. வெற்றுத் துண்டு ஒன்றைக் கொடுத்தேன். அதைப் பார்த்தாள்; மடித்துக் கையில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

சாப்பாட்டுப் பொதி கொடுக்குமுன் அவர்கள் மூவரும் மழையில் வாயிலைத் தாண்டிப் போனார்கள். தகப்பன் முன்னால், இடுப்பில் கைவைத்துக்கொண்டு தாய் நடுவில், சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்தபடி அவள் கடைசியில். மேடையிலிருந்து யன்னல் வழியாக அது தெரிந்தது. எனக்கு இன்னும் ஏழு பெயர் மீதி இருந்தது. ஏழையும் அழைத்தேன். ஒரு சொல் தடுமாறவில்லை. இறுதியில் மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

பொறுப்பாசிரியர் மட்டும் என்னிடம் வந்து, "அந்தக் கடுதாசிக் கதை உண்மையா?" என்று கேட்டார்.

"உண்மைதான் சேர். ஆதாரத்தோடதான் சொன்னேன்."

மறுநாள் அவர் குடையை எடுத்துக்கொண்டு அவளுடைய தோட்டத்துக்கு ஏறிப் போனார். அவர் போய்ச் சேருமுன்பே தகப்பன் மகளை அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்ப் பெயர் கொடுத்து முடித்திருந்தார். பரீட்சை நாட்களுக்கு மட்டும் விடுப்புக் கேட்கலாம் என்று ஆசிரியர் சொல்லிப் பார்த்தார். "புதுசாப் பேர் பதிஞ்சவ முதல் மாசமே லீவு கேட்டா நிக்க வுடுவாங்களா சேர்?" என்றாராம் அவர். "வீடு போனா பரீட்சைய எங்க குந்திப் படிச்சு எழுதுவா?" பிறகு ஆசிரியருக்குத் தேநீர் கொடுத்து, வழுக்கும் என்று வீதி வரைக்கும் கூட வந்து விட்டுப் போனாராம். ஆசிரியர் இதை வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் என்னைப் பார்த்துச் சொன்னார். நான் தலை குனியவில்லை. பொய் சொன்னது அவள். நான் சொன்னது உண்மை. பொய்யின் மேல் கட்டியது ஒருநாள் விழும். இந்த மூன்று வாக்கியங்களை அந்த நாட்களில் எனக்குள் பலவிதமாக அடுக்கிப் பார்த்தேன். எந்த வரிசையிலும் அவை நன்றாகவே நின்றன.

பரீட்சை மண்டபத்தில் சுட்டெண் வரிசையில் அவளுக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. முதல் நாள் மேற்பார்வையாளர் அவளுடைய எண்ணைச் சிங்களத்தில் ஒரு தடவையும் தமிழில் ஒரு தடவையும் வாசித்தார்; தாளில் ஒரு கோடு போட்டார்; வினாத்தாளை அவளுடைய மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போனார். நான் எழுதத் தொடங்கினேன். அரசறிவியலில் அவளுடைய குறிப்புகள் எனக்கு மிகவும் உதவின.

பெரட்டை யாரோ கைத்தொலைபேசியில் படம் பிடித்திருந்தார்கள். ஹட்டனிலிருந்து நோர்வூட் வரை அது சுற்றியது. என் வரியைவிடத் தகப்பனின் கேள்விதான் பிரபலமாயிற்று. பஸ் நிலையத்தில் ஒருவன் தாமதமாக வந்தால் மற்றவன், "என்னா கடுதாசி?" என்பான். நடத்துனர் மீதிச் சில்லறை கொடுக்க மறந்தால், "என்னா கடுதாசி அண்ணே?" நுவரெலியாவில் லொறியில் மூட்டை ஏற்றுகிறவர்களும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று எங்கள் கடைக்கு வந்த ஒருவர் அப்பாவிடம் சொன்னார். அது யாருடைய குரல் என்று அவருக்குத் தெரியாது. அப்பா சிரித்தார். நான் சேலை மடித்துக்கொண்டிருந்தேன்.

பெறுபேறு வந்தது. பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானேன். பள்ளி வாயிலில் என் முகத்தைப் பதாகையாகக் கட்டினார்கள். அவளுக்குப் பெறுபேறே இல்லை. போவதற்கு முன் அவளைப் பார்த்துவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு ஓர் உரை ஆயத்தம் செய்தேன். மூன்று பகுதி கொண்டது: முதலில் நட்பு, பிறகு என் பிழை, பிறகு அவள் அடுத்த ஆண்டு தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதுவதற்கு நான் செய்யக்கூடிய உதவி. இரண்டாம் பகுதியின் முடிவில் என் குரல் இலேசாக உடைய வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். அது நடிப்பல்ல. குரல் எங்கே உடையும் என்பதை அறிந்திருந்தேன், அவ்வளவுதான்.

முதல் பஸ்ஸில் போய், ஒரு மணி நேரம் ஏறி, பெரட்டுக் களத்தை அடைந்தேன். உண்மையான பெரட்டை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தொப்பியும் இல்லை, பிரம்பும் இல்லை. மழை அங்கி போட்ட இளைஞர் ஒருவர் காகிதத்தைப் பார்த்துப் பெயர்களை வாசித்தார். யாரும் கைகட்டவில்லை. "வந்திருக்கேனுங்க ஐயா" என்று எவரும் சொல்லவில்லை. "இருக்கேன்" என்பதோடு சரி. நான்கைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அவள் பெயர் வந்தபோது, "இருக்கேன்" என்றாள். அதே தாழ்ந்த குரல். இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றியிருந்தாள். கூடைக் கயிறு நெற்றியில் பதிந்த இடம் தோல் கறுத்திருந்தது.

என்னைக் கண்டதும் நின்றாள். பின்னால் வந்த பெண்களும் நின்றார்கள்.

"இதான அந்தக் கண்டாக்குப் புள்ள?" என்றாள் ஒருத்தி.

"ஆமா, எங்க லீடர்" என்றாள் அவள். "என்னாடி, இவ்ளோ தூரம்?"

"உங்கிட்ட கொஞ்சம் பேசணும்."

"பேசு. நடந்துக்கிட்டே பேசு, மலைக்குப் பிந்துனா ஏசுவாங்க."

ஏற்றத்தில் அவளோடு நடக்க எனக்கு மூச்சு வாங்கியது. நடந்தபடி பேசிப் பழகியிருக்கவில்லை. உரையின் முதல் வாக்கியமே இரண்டாக முறிந்தது. "நான் அன்னைக்கு... வந்து..." என்றேன். அவள் காத்திருந்தாள். மறுபடியும் தொடங்கினேன், மறுபடியும் முறிந்தது.

"ஒன்னு சொல்லவா லீடர்?" என்றாள் அவள். "அன்னைக்கி மேடையில பேசக்கூடாதுன்னு சட்டம். அதான் சொல்லல. பத்தாம் நம்பர் மலையில கொழுந்து இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"தேயிலயே இல்லடி அங்க. நம்ம பொறக்க முந்தியே புடுங்கிப்புட்டு பைன் மரம் நட்டுட்டாங்க." எதிர்ச்சரிவைக் கையால் காட்டினாள். உச்சி வரை கறுத்த மரங்கள். அடியில் புல்லுகூட இல்லை. "நீ சொன்னப்ப எங்க தோட்டத்து ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். எங்கப்பாவுக்கும் தெரியும். அன்னைக்கி மழையில வர்றப்ப, வாயிலருந்து வீடு வரைக்கும் அவரு எங்கிட்டப் பேசுனது அது ஒன்னுதான். 'அந்தப் புள்ளைக்குப் பத்தாம் நம்பர் தெரியாது போல'ன்னாரு."

நான் அந்த மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மற்றப் பெண்கள் எங்களைக் கடந்து மேலே போனார்கள்.

"அடுத்த வருஷம் நீ தனிப்பட எழுதலாம்தானே?" என்றேன். உரையில் எஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

கூடைக் கயிற்றை நெற்றியில் சரிசெய்தாள். "படம் இன்னும் சுத்துதுடி. அதுல பத்தாம் நம்பர்னுதான் இருக்கு. எங்கயாவது பேசறப்ப அத மட்டும் மீளப்பெறு. ஒனக்குத்தான் மேடை இருக்கே." பிறகு, நாங்கள் அணியில் இருந்த நாட்களைப் போலவே சொன்னாள்: "எறங்கறப்ப பாத்து. வழுக்கும். ஏழே முக்கா பஸ்ஸ விட்டா ஒம்பது மணிக்குத்தான்."

அவள் ஏறிப் போனாள். நான் ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடித்தேன்.

அதற்குப் பிறகு பல மேடைகளில் பேசியிருக்கிறேன். அதை எங்கும் சொல்லவில்லை. பொருந்தும் இடம் வாய்க்கவில்லை என்று ஒவ்வொரு தடவையும் எனக்கு நானே காரணம் கூறிக்கொண்டேன். இங்கே சொல்கிறேன். பத்தாம் நம்பர் மலையில் கொழுந்து இல்லை. அங்கே இருப்பவை பைன் மரங்கள். என்னுடைய அந்தக் கூற்றை மீளப்பெறுகிறேன். அன்றைக்கு நான் சொன்னவற்றில் மீளப்பெறக்கூடியது அது ஒன்றுதான். மற்ற எல்லாம் உண்மை.